அடுக்களையும் புனலும்

அன்றைக்கு என் கையில் 22 புகைப்படங்கள் இருந்தன. எல்லாமே ஓட்டை விழுந்த பம்ப் கேசிங்குகள், அதாவது பம்பின் வெளிக்கூடுகள். கோவையில் பம்புகளுக்கு வார்ப்படம் செய்யும் ஒரு ஃபவுண்டரியின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்து எனக்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஐப்பசி மாதம், விடாத மழை. தினமும் ரிஜெக்‌ஷன் ஏறிக்கொண்டே போனது.

ப்ளோ ஹோல் என்று நாங்கள் சொல்லும் அந்த ஓட்டை வெளியே தெரியாது. உருக்கி, ஊற்றி, ஆறவிட்டு, மணலைத் தட்டிச் சுத்தம் செய்து, லேத்தில் ஏற்றிக் கடையும்போதுதான் தோலுக்கு அடியில் இருந்து எட்டிப் பார்க்கும். அத்தனை பேருடைய உழைப்பும் அந்த நொடியில் பழைய இரும்பாகி மறுபடி உலைக்குப் போகும். கடைகிறவர் மெஷினை நிறுத்திவிட்டு ஒன்றும் பேசாமல் அதை ஓரமாக வைப்பார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் பிடிக்காது.

காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். கேசிங்குக்குள் தண்ணீர் ஓடும் வழி வெற்றிடமாக வரவேண்டும் என்பதற்காக, மணலால் செய்த ஒரு கருவை அச்சுக்குள் வைத்துச் சுற்றிலும் இரும்பை ஊற்றுவோம். அதுதான் கோர். எங்களிடம் மணலோடு சோடியம் சிலிகேட் கலந்து, கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி அதை இறுக வைப்பார்கள். சிலிகேட்டுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. ஈரம் குடித்த கோர் மேல் 1,400 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் இரும்பு பட்டால் ஈரம் ஆவியாகும். வெளியே போக வழியில்லாத ஆவி இரும்புக்குள்ளேயே குமிழாக நின்றுவிடும்.

இது புத்தகத்தில் படித்தது மட்டும் இல்லை. கோர் ஷாப்பில் வேலை செய்யும் ஒரு அக்கா போகிற போக்கில் என்னிடம் சொல்லியிருந்தார். "மழை பேஞ்சா கோர் வேர்க்குது தம்பி. ரெண்டு நாள் கெடந்தா வெளுத்துப் போயி, தொட்டா மணல் உதிருது."

தயாரிப்பு மேனேஜர் வேறு மாதிரி நினைத்தார். இரவு ஷிஃப்ட்தான் காரணம் என்றார். ராத்திரி ஆள் குறைவு, லேடிலில், அதாவது ஊற்றும் வாளியில், எடுத்த இரும்பு காத்துக் கிடந்து சூடு இறங்கிவிடுகிறது, சூடு இறங்கிய இரும்பில் வாயு வெளியேறாது. இதுவும் நியாயமான காரணம்தான். அன்று அதை நியாயமாகப் பார்க்க நான் தயாராக இல்லை.

காலை மீட்டிங்கில் 22 படங்களையும் மேசையில் பரப்பினேன். ஓட்டை எல்லாம் கோர் இருந்த பக்கத்தில்தான் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். மேனேஜர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதுல நைட்டு ஊத்துனது எத்தனை தம்பி?"

எண்ணிப் பார்த்தால் பதினாறு.

"அப்பறம் என்ன? நீங்களே எனக்காகத்தான பேசறீங்க."

யாரும் சிரிக்கவில்லை. அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். அன்று சாயங்காலமே இரவு ஷிஃப்டில் இரண்டு பேரை மாற்றினார்கள். அவர்களில் ஒருவர் ஒடிசாவிலிருந்து வந்தவர், கவனமாக ஊற்றுகிறவர். என் படங்கள்தான் அவரை மாற்றின என்பதை நான் மறக்கவில்லை.

அந்த வாரம் பொள்ளாச்சிக்கு வீட்டுக்குப் போனேன். அப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். "ஏங்கண்ணு, சோத்தப் பெசஞ்சுட்டே உக்காந்திருக்கே?" என்று கேட்டார். முழுக் கதையையும் சொன்னேன். ஃபவுண்டரி பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ அடுக்களையச் சொல்லியிருக்கே. புனலச் சொல்லல," என்றார்.

அவர் சொன்னது மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதை. காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்குத் தர்க்கம் கற்றுத்தரும் இடம். கதைக்காகப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகிற பகுதி அது. நானும் தாண்டியவன்தான். அப்பா நிதானமாகச் சொன்னார். ஒரு விஷயத்தை நிறுவ ஐந்து உறுப்பு வேண்டும். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம், அதாவது நான் நிறுவ வேண்டியது. புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். இந்த மலையிலும் புகை இருக்கிறது என்பது உபநயம். ஆகவே நெருப்பு இருக்கிறது என்பது நிகமனம்.

இதுவரை பள்ளியிலேயே கேட்டிருக்கிறேன். அடுத்து அவர் சொன்னதுதான் எனக்குப் புதிது. அடுக்களையோடு அறவண அடிகள் நிற்கவில்லை. எங்கே நெருப்பு இல்லையோ அங்கே புகையும் இல்லை, 'புனல்போல்', அதாவது தண்ணீரைப் போல, என்கிறார். இது எதிர்மறை எடுத்துக்காட்டு. புகையும் நெருப்பும் சேர்ந்திருக்கும் ஓர் இடத்தைக் காட்டினால் மட்டும் போதாது. நெருப்பும் இல்லாத, புகையும் இல்லாத ஓர் இடத்தையும் காட்ட வேண்டும். காட்டாவிட்டால், நெருப்பே இல்லாமலும் புகை வரும் என்று எதிரில் இருப்பவர் சொல்லிவிட்டுப் போகலாம்.

"உங்கிட்ட ஓட்டை விழுந்ததுக்குப் படம் இருக்குது. ஓட்டை விழாததுக்கு என்ன கணக்கு இருக்குது?" என்று கேட்டார் அப்பா.

ஒன்றுமே இல்லை. நல்ல கேசிங்குகளை யாரும் எண்ணுவதில்லை. கெட்டது ஓரமாகக் கிடந்து எல்லார் கண்ணிலும் படும். நல்லது லாரியில் ஏறிப் போய்விடும்.

திங்கட்கிழமை முதல் எண்ண ஆரம்பித்தேன். கோர் ஷாப் அக்காவிடம் ஒரு சாக்பீஸ் டப்பா வாங்கிக் கொடுத்து, ஒவ்வொரு கோர் அடுக்கிலும் செய்த தேதியை எழுதச் சொன்னேன். கோர் அச்சுக்குள் போனபின் அந்தத் தேதியை மோல்டிங் ஆட்கள் ஒரு நோட்டில் குறிப்பார்கள். எந்த ஷிஃப்ட், எந்த லேடில், ஊற்றும்போது என்ன சூடு என்பதையும் சேர்த்தேன். மேனேஜர் சொன்ன காரணத்தையும் எண்ணாமல் விட்டால் நான் மறுபடி என் அடுக்களையைத்தான் காட்டிக்கொண்டிருப்பேன். மெஷின் ஷாப்பிலிருந்து நல்லது, கெட்டது இரண்டையும் வாங்கிக் குறித்தேன். மூன்று வாரம் ஆனது. அலுப்பான வேலை. ஆனால் இரண்டாவது வாரத்தின் முடிவில் நோட்டைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மேனேஜர் சொன்னது உண்மை. இரவு ஷிஃப்டில்தான் ஓட்டை அதிகம். நான் சொன்னதும் உண்மை. பழைய கோரில்தான் ஓட்டை அதிகம். இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும்? கோர் ஷாப் பகலில் மட்டும்தான் ஓடும். காலையில் செய்த புதுக் கோரைப் பகல் ஷிஃப்ட் எடுத்துக்கொள்ளும். மிஞ்சியது, அதாவது அடியில் கிடக்கும் பழையது, இரவுக்குப் போகும். இரவு ஊற்றுகிறவர்களின் கையில் குறை இல்லை. அவர்கள் கைக்கு வந்த கோரில்தான் குறை.

சரி, இது மட்டும் இருந்தால் மேனேஜர் ஏற்கமாட்டார். புனல் வேண்டும். அதுவும் நோட்டிலேயே இருந்தது. ஒரு புதன்கிழமை அவசர ஆர்டருக்காகக் கோர் ஷாப் இரவு பத்து மணி வரை ஓடியது. அன்று இரவு ஷிஃப்டுக்குப் புதுக் கோர் கிடைத்தது. அதே ஆட்கள், அதே லேடில், அதே மழை. அன்று கடைந்ததில் ஒன்றுகூட ஓட்டை இல்லை. இதற்கு மறுபக்கம் திங்கட்கிழமைக் காலைகள். பகல் ஷிஃப்ட், அனுபவம் உள்ள ஆட்கள், நல்ல சூடு. ஆனால் கோர் சனிக்கிழமை செய்தது. வாரம் முழுக்கப் பகல் ஷிஃப்டில் விழும் ஓட்டைகளில் பாதிக்கு மேல் திங்கள் காலையிலேயே விழுந்திருந்தன. ஊற்றும் சூடு இரவில் கொஞ்சம் குறைவுதான், ஆனால் நல்ல கேசிங்கையும் கெட்ட கேசிங்கையும் அது பிரித்துக் காட்டவில்லை.

வேலையிடத்தில் யோசிப்பதற்கென்று எனக்கு ஒரு பயிற்சி கிடைத்தது என்றால், அது அந்த நோட்டும், அதன் பிறகு நான் மெல்ல மெல்ல உட்கார்ந்து படித்த அந்தக் காதையும்தான். அறவண அடிகள் போலிகளை, அதாவது சரியானவை போலத் தோன்றும் தவறான வாதங்களை, பட்டியலிடுகிறார். பக்கப் போலி ஒன்பது, ஏதுப் போலி பதினான்கு, திட்டாந்தப் போலி பத்து. பெயர்கள் கரடுமுரடாக இருக்கும். ஆனால் ஏதுப் போலியின் மூன்று பெரும் பிரிவுகளைத் தெரிந்துகொண்டால் போதும், எந்த மீட்டிங்கிலும் அவை வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

அசித்தம் என்பது, காட்டுகிற காரணமே இன்னும் நிறுவப்படாதது. "கஸ்டமருக்கு இந்த டிசைன் பிடிக்கல, அதனால மாத்தணும்." பிடிக்கவில்லை என்று எந்தக் கஸ்டமர் சொன்னார், எப்போது சொன்னார் என்று கேட்டுப் பாருங்கள். பாதி நேரம் அங்கேயே பேச்சு நின்றுவிடும். அநைகாந்திகம் என்பது இரண்டு பக்கமும் ஓடுகிற காரணம். "அந்தச் சப்ளையர் இருபது வருஷமா நம்மகூட இருக்கார், சரக்கு நல்லாத்தான் இருக்கும்." இருபது வருடமாக நல்ல சரக்குத் தருகிறவரும் உண்டு, பழக்கத்தில் கெட்டதைத் தள்ளிவிடுகிறவரும் உண்டு. காரணம் பொய்யில்லை, ஆனால் எதையும் நிறுவவில்லை. என்னுடைய 22 படங்களும் இந்த வகைதான். கோர் பக்கம் ஓட்டை இருப்பது ஈரக் கோருக்கும் பொருந்தும், குளிர்ந்த இரும்புக்கும் பொருந்தும். விருத்தம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. நாம் காட்டும் காரணம் நமக்கு எதிராகவே நிறுவுவது. "இந்த வருஷம் ஒரு விபத்தும் பதிவாகல, அதனால பாதுகாப்புப் பயிற்சி நல்லா நடக்குது." சின்னக் காயம்கூடப் பதிவாகவில்லை என்றால், சொல்ல ஆட்கள் பயப்படுகிறார்கள் என்பதற்குத்தான் அது சாட்சி.

அப்பா இன்னொன்றும் சொன்னார். மணிமேகலை தர்க்கம் கற்பதற்கு முன்பு, இருபத்தேழாம் காதையில், வஞ்சி நகரத்தில் எல்லாச் சமயக் கணக்கர்களிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். முதலில் கேட்டல், பிறகுதான் வாதம். நம் மரபில் பரபக்கத்தை, அதாவது எதிராளியின் கொள்கையைச் சொல்லிவிட்டுத்தான், சுபக்கம் என்ற தன் கொள்கையைச் சொல்வார்கள். எதிராளியின் கருத்தை அவரே தலையாட்டும்படி எடுத்துச் சொல்ல முடியாதவன், அதை மறுக்கவும் முடியாது.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் சேலஞ்சர் விண்கல விபத்தின் விசாரணை அறிக்கையைப் படித்தேன். தரக் கட்டுப்பாட்டில் இருக்கும் எவரும் ஒருநாள் அதற்கு வந்து சேர்வார்கள். நான் வந்து சேர்ந்தது நல்ல நேரத்தில்.

1986 ஜனவரி 27, விண்கலம் புறப்படுவதற்கு முந்தைய இரவு. ராக்கெட் மோட்டாரைச் செய்த மார்ட்டன் தயக்கால் நிறுவனத்தின் பொறியாளர்கள் யூட்டாவில், நாசா அதிகாரிகள் அலபாமாவிலும் ஃப்ளோரிடாவிலும். தொலைபேசியில் மீட்டிங். காலையில் கடுங்குளிர் இருக்கும், மோட்டாரின் துண்டுகளை இணைக்கும் இடத்தில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் விறைத்துப்போகும், 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்றார்கள் பொறியாளர்கள். அவர்களில் ஒருவரான ரோஜர் பாய்ஜோலி முந்தைய ஜூலை மாதமே, இதைச் சரிசெய்யாவிட்டால் உயிர்கள் போகும் என்று மேலிடத்துக்கு எழுதியிருந்தார்.

அவர்கள் காட்டியது என்ன? ஓ-ரிங்கில் பாதிப்பு வந்த பயணங்களை. முந்தைய ஆண்டு 12 டிகிரியில் போனதில்தான் சூடான வாயு கசிந்து மோசமாகக் கரி படிந்திருந்தது. ஆனால் 24 டிகிரியில் போன ஒன்றிலும் பாதிப்பு இருந்தது. குளிரிலும் வருகிறது, வெயிலிலும் வருகிறது என்றால் குளிர்தான் காரணம் என்று எப்படிச் சொல்வீர்கள்? இந்தக் கேள்விக்கு அன்றிரவு எண்களில் பதில் இல்லை. தொலைபேசி இணைப்பிலிருந்து விலகித் தயக்கால் ஆட்கள் தங்களுக்குள் பேசிய அரை மணி நேரத்தில், பாய்ஜோலி கரி படிந்த புகைப்படங்களை எடுத்து மேலாளர்கள் முன்னால் போட்டு, இதைப் பாருங்கள் என்றார். அந்த வரியைப் படித்தபோது என் கை நின்றுவிட்டது. எனக்கு அந்த மேசை தெரியும்.

பிறகு விசாரணைக் குழு செய்தது எளிமையான வேலை. பாதிப்பு வராத பயணங்களையும் சேர்த்துக்கொண்டது. அதுவரை நடந்த பயணங்களில் ஓ-ரிங் சுமார் 19 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தவை இருபது. அதில் பாதிப்பு மூன்றில். 17 டிகிரியோ அதற்குக் கீழோ இருந்தவை நான்கு. நான்கிலும் பாதிப்பு. புனல் அங்கேயே இருந்தது, பாதிப்பில்லாமல் திரும்பி வந்த பதினேழு பயணங்களில். மறுநாள் காலை வெப்பநிலை சுமார் 2 டிகிரி. கலம் கிளம்பி 73 வினாடிகளில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள்.

பொறியாளர்கள் சரியாக வரைபடம் போட்டிருந்தால் ஏழு பேரும் பிழைத்திருப்பார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சில மணி நேர அவகாசத்தில் கிடைத்ததை வைத்து, அவர்கள் சொன்ன முடிவு சரியாகவே இருந்தது. அன்றிரவு பெரிய தவறு வேறு இடத்தில் நடந்தது. வழக்கமாக, ஏவலாம் என்று சொல்கிறவர்தான் அது பாதுகாப்பானது என்று நிறுவ வேண்டும். அன்று அது தலைகீழானது. ஏவக்கூடாது என்று நிறுவும் சுமை பொறியாளர்கள் தலையில் விழுந்தது. பாய்ஜோலியே விசாரணையில் இதைச் சொன்னார். தயக்காலின் நான்கு மேலாளர்கள் ஏவலாம் என்று முடிவை மாற்றும்போது, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போட்டுக்கொள் என்று அவர்களில் ஒருவருக்குச் சொல்லப்பட்டது.

அதனால் இப்போது எந்தப் பேச்சிலும் நான் முதலில் பார்ப்பது, நிறுவும் சுமை யார் தலையில் இருக்கிறது என்பதைத்தான். அது சத்தமில்லாமல் ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு மாறும். மாறியது தெரியாமல் பேசிக்கொண்டே இருந்தால், எவ்வளவு நல்ல காரணமும் எடுபடாது.

அந்த விசாரணையில் இன்னொரு காட்சி உண்டு. குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன், ஓ-ரிங் ரப்பர் துண்டு ஒன்றைக் கிடுக்கியில் அழுத்தி ஐஸ் தண்ணீரில் போட்டு, வெளியே எடுத்துக் காட்டினார். கிடுக்கியைத் தளர்த்தியும் ரப்பர் உடனே பழைய வடிவுக்குத் திரும்பவில்லை. எல்லாக் கணக்கும் ஒரு டம்ளருக்குள் வந்துவிட்டது.

என் நோட்டுக்குத் திரும்புகிறேன். இந்த முறை நான் நேராக மீட்டிங்குக்குப் போகவில்லை. முந்தைய நாள் சாயங்காலம் மேனேஜரின் அறைக்குத் தனியாகப் போனேன். "சார், நீங்க சொன்னது சரி. நைட்லதான் அதிகம்," என்று ஆரம்பித்தேன். அவருடைய காரணத்தை முழுதாக, சூடு இறங்குவதில் ஆரம்பித்து, அவர் தலையாட்டும் வரை சொன்னேன். அப்புறம் அந்தப் புதன்கிழமையைக் காட்டினேன். திங்கட்கிழமைகளைக் காட்டினேன். அவர் நோட்டை வாங்கித் தானே பக்கம் புரட்டிப் பார்த்தார். தவறு கண்டுபிடிக்கப் பார்க்கிறார் என்று தெரிந்தது, அது எனக்கு வருத்தமாக இல்லை. அப்படித்தான் பார்க்க வேண்டும்.

"சரி, ஒத்துக்கறேன். ஆனா கோரையெல்லாம் அடுப்புல காய வெச்சா கரண்ட்டு பில்லு ஏறுமே? ஷெட்டு வேற மாத்தோணும். முதலாளிகிட்ட என்னன்னு சொல்லறது?"

இது என் நோட்டில் இல்லாத கேள்வி. மறுநாள் மீட்டிங்குக்குக் கோர் ஷாப் அக்காவையும் கூப்பிடலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, வரச் சொல்லுங்க என்றார்.

அக்கா மீட்டிங் அறைக்குள் அதுவரை வந்ததில்லை. இரண்டு கையிலும் இரண்டு கோர் எடுத்து வந்திருந்தார். ஒன்று அன்று காலை செய்தது. இன்னொன்று சனிக்கிழமை தேதி போட்டது. சாக்பீஸ் எழுத்து ஈரத்தில் பாதி கரைந்திருந்தது. உட்காரச் சொன்னதற்கு, "பரவால்லீங்" என்று நின்றுகொண்டே இரண்டையும் முதலாளி முன்னால் மேசையில் வைத்தார்.

"தொட்டுப் பாருங்க."

முதலாளி புதிய கோரை அழுத்தினார். கல் மாதிரி இருந்தது. பழையதை அழுத்தியபோது மணல் பொலபொலவென்று உதிர்ந்து மேசையில் கொட்டியது. அவர் விரலில் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"மழை வந்தா இப்பிடித்தானுங்க. அஞ்சு வருசமா சொல்லீட்டுத்தான் இருக்கறனுங்க," என்றார் அக்கா.

"யார்கிட்டம்மா சொன்னீங்க?" என்று முதலாளி கேட்டார்.

"எல்லார்கிட்டயும்தானுங்க."

மேனேஜர் கையை நீட்டி அந்தப் பழைய கோரைத் தன் பக்கம் இழுத்து, தானும் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார்.